மழை பெய்தால் மோட்டார் தானே நிற்குமா? தானியங்கிச் சொட்டுநீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவில் எங்களுக்கு ஆறு ஏக்கர் தோட்டம். தென்னை, வாழை, கொஞ்சம் மஞ்சள். மண்ணின் ஈரத்தையும் வானிலையையும் பார்த்துத் தானே ஓடித் தானே நிற்கிற சொட்டுநீர் அமைப்பு வைத்து ஐந்து வருடம் ஆகிறது. அதைப் பார்க்க வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனி வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள். அதைச் சொல்ல இதை எழுதவில்லை.

ஸ்மார்ட் பாசனம் என்றால் என்ன? மொபைலில் மோட்டார் போடுவதுதானே?

அது இல்லை. மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும் சிம் ஸ்டார்ட்டர் எங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறது. ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து போகிற வேலையை அது மிச்சம் பண்ணியது, நல்ல சாமான். ஆனால் அது வெறும் நீளமான சுவிட்சுதான். எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்ற யோசனை உங்களுடையது.

டைமர் வைப்பது அடுத்த படி. காலை ஐந்து மணிக்கு முதல் வால்வு, ஏழு மணிக்கு இரண்டாவது வால்வு என்று ஓடும். ஆனால் அதற்கு வானம் தெரியாது. கொட்டுகிற மழையில் சொட்டுநீரும் சேர்ந்து ஓடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதுவும் என் தோட்டத்திலேயே.

மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, நேற்று எவ்வளவு மழை பெய்தது, இன்றைக்கு வெயிலும் காற்றும் எவ்வளவு உறிஞ்சும் என்று பார்த்து, இன்றைய தண்ணீரை இன்றைக்குத் தீர்மானிப்பதுதான் நாம் பேசுகிற விஷயம். புதுச் சங்கதி ஒன்றும் இல்லை. ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடையர் என்று ஒருவர் இருப்பார். மழையையும் ஏரியின் மட்டத்தையும் வயலின் காய்ச்சலையும் பார்த்து மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. அந்த ஆள் இப்போது ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுபவம் மட்டும் அவருக்குக் குறைவு. நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

என்னென்ன பொருத்த வேண்டும்?

மண் ஈர சென்சார், மழைமானி, ஒவ்வொரு பகுதிக்கும் கரண்டில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு, ஸ்டார்ட்டரோடு இணைத்த கன்ட்ரோலர் பெட்டி, அதற்கு ஒரு சிம். வசதி இருந்தால் வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்று வேகம், சூரிய ஒளி நான்கையும் அளக்கும் சின்ன வானிலைக் கம்பம். அவ்வளவுதான்.

இவற்றில் ஒன்றைக்கூட வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நாலைந்து காலி லிட்டர் பாட்டில் எடுத்துக்கொண்டு போய், லைனில் தண்ணீர் சொட்டுகிற துளைகளில், அதாவது ட்ரிப்பர்களில், முதல் ட்ரிப்பர், நடு ட்ரிப்பர், கடைசி ட்ரிப்பர் அடியில் வையுங்கள். மணிக்கு 4 லிட்டர் ட்ரிப்பர் என்றால் 15 நிமிடத்தில் ஒரு லிட்டர் நிறைய வேண்டும். முதல் பாட்டில் நிறைந்து வழிந்து, கடைசியில் அரை பாட்டில்தான் இருந்தால், எந்தச் சென்சாரும் உங்களைக் காப்பாற்றாது. பில்டரைக் கழுவுங்கள், லேட்டரல் எனும் ட்ரிப்பர் மாட்டிய சின்னக் குழாயின் கடைசி முடிச்சை அவிழ்த்துச் சேற்றை வெளியே விடுங்கள், உப்பு அடைத்திருந்தால் ஆசிட் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது பில்டர் சுத்தம்தான், சென்சார் இல்லை.

மழை பெய்தால் தானாக நின்றுவிடுமா?

நிற்கும். எத்தனை நாளைக்கு நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

கணக்கு சுலபம். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 4,047 லிட்டர். 20 மி.மீ. பெய்தால் ஏக்கருக்குச் சுமார் 80,000 லிட்டர்; 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட ஏழு லோடு. வாழை ஒரு நாளைக்கு நாலரை மி.மீ. குடிக்கிறது என்றால், நாலு நாள் மோட்டார் போட வேண்டியதில்லை.

ஆனால் இது காகிதக் கணக்கு. 20 மி.மீ. அரை மணி நேரத்தில் அடித்துப் பெய்தால், சரிவான செம்மண் காட்டில் பாதித் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடிவிடும். அதே 20 மி.மீ. ராத்திரி முழுக்க நின்று பெய்தால் ஏறக்குறைய முழுவதும் மண்ணுக்குள் போகும். இன்னொரு பக்கம், 2 மி.மீ. தூறல் இலையிலும் மேல்மண்ணிலும் ஒட்டி, பத்து மணி வெயிலில் ஆவியாகிவிடும். வேருக்கு ஒரு சொட்டு கிடைக்காது. ஆனைமலைப் பக்கம் ஆனி, ஆடியில் விழுகிற சாரல் இந்த ரகம். நாள் முழுக்கத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு திரிவோம், மண்ணைக் கிளறினால் இரண்டு விரல் ஆழத்துக்குக் கீழே புழுதி.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளைத்தான் மழை நாள் என்று கணக்கு வைக்கிறது. என் பெட்டியிலும் அதே அளவுதான். அதற்குக் கீழே பெய்ததைக் கண்டுகொள்ளாதே, அதற்கு மேலே என்றால் பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை கழித்துக்கொள் என்று வைத்திருக்கிறேன். அப்புறம் மண் சென்சார் என்ன சொல்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை. மழைமானி வரவைச் சொல்லும். கையிருப்பைச் சொல்வது மண் சென்சார்.

நாளைக்கு மழை என்று முன்னறிவிப்பு வந்தால், இன்றைக்கே நிறுத்திவிடலாமா?

இதில்தான் எனக்கும் விற்பனைக்கு வருகிறவர்களுக்கும் சண்டை. அவர்கள் முதலில் காட்டுவதே இந்த வசதியைத்தான்: "மழை வரப்போகுதுன்னு தெரிஞ்சா முதல் நாளே கட் பண்ணிடும் சார்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் முன்னறிவிப்பின் பாஷையைப் புரிந்துகொள்ள வேண்டும். "ஓரிரு இடங்களில் மழை" என்றால் அந்தப் பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் பெய்யலாம் என்று அர்த்தம். "ஒருசில இடங்களில்" என்றால் 26 முதல் 50 சதவீதம். "அநேக இடங்களில்" என்றால் 51 முதல் 75. "பெரும்பாலான இடங்களில்" என்றால்தான் 76 சதவீதத்துக்கு மேல். கோடையில் வருவது பெரும்பாலும் முதல் இரண்டு ரகம். சித்திரை மாத இடிமழை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டும், இந்தப் பக்கம் மண்வாசனை மட்டும் வரும். அதை நம்பி மோட்டாரை நிறுத்தினால் கன்று வாடும்.

எனக்கு வாடியிருக்கிறது. முதல் வருடம் முன்னறிவிப்புக்கு முழு அதிகாரம் கொடுத்து வைத்திருந்தேன். மூன்று நாள் தொடர்ந்து மழை என்று காட்டியது, பெட்டியும் நல்ல பிள்ளையாக மூன்று நாள் தண்ணீர் விடவில்லை. மழையும் வரவில்லை. நட்டு ஒரு மாதமான வாழைக் கன்றுகள் நாலாம் நாள் மதியம் இலை மடிந்து நின்றன.

இப்போதெல்லாம், பெய்து முடிந்த மழையை மட்டும்தான் கழிக்கிறேன். வரப்போகிற மழைக்கு அரை அதிகாரம்: அநேக இடங்களில், பெரும்பாலான இடங்களில் என்று சொன்னால் அன்றைய தண்ணீரைப் பாதியாகக் குறைக்கும், முழுவதும் நிறுத்தாது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம், காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று அறிவித்தால் மட்டும் நானே கையால் நிறுத்திவிடுவேன். அந்த மாதிரிப் பரந்த மழையில் முன்னறிவிப்பு பெரிதாகத் தவறுவதில்லை.

மஞ்சள் போட்டிருப்பவர்கள் மட்டும் இதில் கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்கலாம். பாய்ச்சி முடித்த அன்றே பெருமழை வந்து பாத்தியில் தேங்கினால் கிழங்கு அழுகல் வரும். அவர்களுக்கு ஒரு நாள் காய்ச்சலை விட ஒரு நாள் தேக்கம் ஆபத்து. வாழைக் கன்றுக்கு அது அப்படியே தலைகீழ்.

அந்த முன்னறிவிப்பு எங்கே கிடைக்கும்?

செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வேளாண் வானிலை அறிக்கை வருகிறது; கோவை வேளாண் பல்கலைக்கழகம் நம் பகுதிக்குத் தமிழிலேயே தருகிறது. போனில் மேகதூத், உழவன் இரண்டு செயலியும் போதும். மின்னல் எச்சரிக்கைக்குத் தாமினி.

தினமும் எவ்வளவு தண்ணீர் என்று எப்படிக் கணக்குப் போடுகிறது?

வெயில், காற்று, வெப்பம், காற்றின் ஈரப்பதம் நான்கையும் வைத்து, நன்றாக வளர்ந்த புல்தரை ஒரு நாளில் எத்தனை மி.மீ. தண்ணீரை ஆவியாக்கும் என்று முதலில் பார்க்கும். உலக உணவு வேளாண் அமைப்பு 1998இல் வெளியிட்ட பென்மன்-மான்டித் சூத்திரம்தான் இதற்கு அடிப்படை. அந்த எண்ணைப் பயிருக்கும் வயதுக்கும் தகுந்த ஒரு கெழுவால் பெருக்கினால் நம் பயிரின் தேவை.

எங்கள் வாழையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறடிக்கு ஆறடி, அதாவது 1.8 மீட்டர் இடைவெளி. ஒரு மரத்துக்கு 3.24 சதுர மீட்டர் இடம். மாசி, பங்குனியில் ஒரு நாள் புல்தரைக் கணக்கு 4.2 மி.மீ. என்று வைத்தால், வளர்ந்த வாழைக்கு 1.1ஆல் பெருக்க வேண்டும்: 4.6 மி.மீ. அதை 3.24ஆல் பெருக்கினால் மரத்துக்கு 15 லிட்டர். மரத்துக்கு 4 லிட்டர் ட்ரிப்பர் இரண்டு இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைய ஓட வேண்டும். கார்த்திகையில் மேகம் மூடிய நாளில் அதே கணக்கு 2.1 மி.மீ.யில் தொடங்கினால் மரத்துக்கு ஏழரை லிட்டர், ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. டைமர் வைத்தவர் இரண்டு நாளும் இரண்டு மணி நேரம்தான் விடுவார். ஏக்கருக்கு 1,240 மரம் என்றால் அந்த மேக மூட்டமான ஒரே நாளில் வீணாவது 9,000 லிட்டருக்கு மேல்.

சூத்திரம் தெரியவில்லையே என்று பயப்பட வேண்டாம். பெருக்குவது பெட்டியின் வேலை. நீங்கள் சரியாகக் கொடுக்க வேண்டியது பயிர், நட்ட தேதி, இடைவெளி, ட்ரிப்பர் அளவு, இந்த நாலு மட்டும். நட்ட தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டு, கன்றுக்கு மரத்தின் தண்ணீர் போகிறதே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

ஆடி மாதம் வெயிலே இல்லை. இருந்தும் இந்தப் பெட்டி ஏன் தண்ணீரைக் குறைக்க மாட்டேன் என்கிறது? கெட்டுவிட்டதா?

கெடவில்லை, அது சொல்வதுதான் சரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனியிலிருந்து ஆவணி வரை நம் தலைமேல்தான் போகிறது. பல்லடம், உடுமலை, பொங்கலூர்ப் பக்கம் காற்றாலைகள் அத்தனை நிற்பது சும்மா இல்லை. ஈரத் துணியைக் கொடியில் போட்டுப் பாருங்கள்: வெயில் இல்லாவிட்டாலும் ஆடிக் காற்றில் அரை மணியில் காய்ந்துவிடும். மண்ணுக்கும் இலைக்கும் அதே கதிதான்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். "வானம் கருத்துக் கெடக்குது கண்ணு, இப்பப் போய் எதுக்குத் தண்ணி?" என்பார். ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அவர் தென்னைக்கு அடியிலேயே ஒரு முழம் தோண்டிக் காட்டினேன். மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் அவர் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

வாங்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: காற்று வேகத்தை அளக்கிறதா, அல்லது வெப்பத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறதா? வெப்பத்தை மட்டும் பார்க்கிற பெட்டி நம் பகுதியில் ஆடி மாதம் ஏமாறும்.

சென்சாரை எங்கே, எப்படிப் புதைப்பது?

இதை மட்டும் ஆள் விட்டுச் செய்யாதீர்கள், கூட நில்லுங்கள். ட்ரிப்பருக்கு நேர் அடியில் வைத்தால் எப்போதும் சேறு, பெட்டி தண்ணீரே விடாது. ரொம்பத் தள்ளி வைத்தால் எப்போதும் காய்ச்சல், விட்டுக்கொண்டே இருக்கும். வாழைக்கு ட்ரிப்பரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சாண் ஆழத்தில் ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே முழ ஆழத்தில் இன்னொன்று. மேலே இருப்பது எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்லும். கீழே இருப்பது எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லும். கீழ் சென்சார் நனைந்துகொண்டே போனால் வேருக்குக் கீழே தண்ணீர் நழுவிப் போகிறது, உரமும் சேர்ந்து போகிறது என்று அர்த்தம்.

குழி தோண்டும்போது எடுத்த மண்ணை அடுக்கு மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கைப்பிடியைக் கல் பொறுக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கூழாகக் குழைத்து, சென்சார் கம்பிகளைச் சுற்றி அப்பி, பிறகு இறக்குங்கள். மண்ணுக்கும் கம்பிக்கும் நடுவில் நூலளவு காற்றிடைவெளி இருந்தாலும் அது எப்போதும் காய்ச்சல் என்றே காட்டும். மூடிய பிறகு லேசாக மிதித்து விடுங்கள், இடித்துக் கெட்டியாக்க வேண்டாம். ஒரு வாரம் அது காட்டுகிற எண்ணை நம்பாதீர்கள். மண் உட்கார வேண்டும். ஒயரை எலி, அணில் கடிக்காமல் பிவிசி குழாய்க்குள் கொண்டுவாருங்கள். பக்கத்தில் ஒரு சிவப்புக் குச்சி நட்டு வையுங்கள். எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

எத்தனை சென்சார் வேண்டும்?

ஏக்கருக்கு இத்தனை என்று கணக்கு இல்லை. மண் மாறும் இடத்துக்கு ஒரு ஜோடி, பயிர் மாறும் இடத்துக்கு ஒரு ஜோடி.

என்ன எண்ணில் தண்ணீர் தொடங்க வேண்டும்? கம்பெனிக்காரர் 40 என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த 40 அவர் ஊர் மண்ணுக்கு. உங்கள் மண்ணின் எண்ணை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஒரு வாரம் போதும்.

சென்சார் உட்கார்ந்த பிறகு அந்த இடத்தை நன்றாக நனையும் வரை விடுங்கள். செம்மண், மணல்சாரி என்றால் ஒரு நாள், கரிசல் என்றால் இரண்டு நாள் சும்மா விடுங்கள். மிச்சத் தண்ணீர் வடிந்துவிடும். அப்போது காட்டுகிற எண்தான் உங்கள் நிறைகுடம். அதற்கு மேல் விடுவது வீண்.

அடுத்து, தினமும் காலையில் சென்சாருக்குச் சற்றுத் தள்ளி ஒரு சாண் ஆழத்தில் மண் எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். முதல் நாள் உருண்டை வழவழவென்று நிற்கும், கையில் ஈரம் ஒட்டும். அடுத்தடுத்த நாளில் உருண்டை நிற்கும், ஒட்டாது. ஒரு நாள் உருண்டை பிடித்து, கட்டை விரலால் தட்டினால் இரண்டாக உடையும். அந்தக் காலை சென்சார் என்ன எண் காட்டுகிறதோ அதுதான் தொடங்கும் எண். உருண்டையே பிடிக்காமல் உதிரும் வரை காத்திருக்கக் கூடாது. கரிசல் மண் சென்சாரில் அதிக ஈரம் காட்டும்போதே பயிர் தவிக்க ஆரம்பித்துவிடும். களி தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொடுக்காது. அதனால்தான் செம்மண்காரர் எண்ணைக் கரிசல்காரர் கடன் வாங்கக் கூடாது.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சென்சார் வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் பொய் சொல்லும். மண்ணுக்குள் கரண்டு எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்து அளக்கும் மலிவான சென்சார்கள் உப்பு ஏறிய மண்ணில் இருப்பதை விட அதிக ஈரம் என்றே காட்டும். டென்சியோமீட்டர் உப்புக்கு ஏமாறாது. மண் தண்ணீரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. ஆனால் மண் ரொம்பக் காய்ந்தால் அதில் காற்று புகுந்துவிடும், திரும்பத் தண்ணீர் நிரப்ப வேண்டும்.

இவ்வளவு செலவு செய்ய முடியாது. குறைந்த செலவில் வழி உண்டா?

உண்டு, அதிலிருந்தே தொடங்கச் சொல்வேன். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரப்பதங்காட்டி ஒன்று இருக்கிறது. கம்பிகளை மண்ணில் குத்தினால் விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் நிறைய, பச்சை என்றால் போதுமான ஈரம், ஆரஞ்சு என்றால் தண்ணீர் விடலாம், சிவப்பு என்றால் உடனே விட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பார்க்கலாம்.

மழைமானிக்கு, பக்கம் நேராக இருக்கும் தகர டப்பா ஒன்றும் பள்ளிக்கூட ஸ்கேலும் போதும். மரநிழல் இல்லாத இடத்தில் கம்பத்தில் கட்டி, காலையில் தண்ணீர் எத்தனை மி.மீ. நிற்கிறது என்று அளந்து, டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, காலண்டரில் எழுதுங்கள். கூடவே உங்களிடம் இருக்கிற சிம் ஸ்டார்ட்டர். மூளை உங்களுடையது, செலவு சில ஆயிரம் ரூபாய். இரண்டு வருடம் இப்படிச் செய்தால் பிறகு பெட்டி வாங்குவதா வேண்டாமா என்று உங்களுக்கே தெரியும்.

மும்முனை கரண்டு வரும் நேரமே நிச்சயம் இல்லை. பெட்டி என்ன செய்யும்?

நல்ல பெட்டி, இன்றைக்கு எத்தனை மணி பாய வேண்டும் என்பதை விட எத்தனை லிட்டர் பாய வேண்டும் என்றே வைத்துக்கொள்ளும். கரண்டு போனால் விட்ட இடத்தை ஞாபகம் வைத்து, வந்ததும் மிச்சத்தைப் பாய்ச்சும். இது இல்லாத பெட்டி நம் ஊருக்கு ஆகாது.

வால்வும் மோட்டாரும் எந்த வரிசையில் திறக்கின்றன என்பதையும் நின்று பாருங்கள். முதலில் வால்வு திறந்து, அப்புறம்தான் மோட்டார் ஓட வேண்டும். நிறுத்தும்போது மோட்டார் முதலில், வால்வு பிறகு. ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது அடுத்த வால்வு திறந்த பிறகுதான் பழையது மூட வேண்டும். இந்த வரிசை மாறினால் அழுத்தம் போக வழியில்லாமல் பைப் எங்காவது ஜாயின்டில் பிய்ந்துகொள்ளும்.

ஊரில் இல்லாதபோது ஏதாவது கெட்டுப்போனால்?

கெடும். ஒரு வைகாசி முகூர்த்தத்துக்குக் குடும்பத்தோடு கரூர் போயிருந்தோம். தோட்டத்தில் களை ஓட்டும் மெஷின் சென்சார் ஒயரில் சிக்கி, சென்சாரையே பிடுங்கிப் போட்டுவிட்டது. ஓட்டின பையனுக்கு அது என்னவென்றே தெரியாது. ஒயர் அறுந்து போகவில்லை. வெயிலில் கிடந்த சென்சார் "மண் சுத்தமாகக் காய்ந்துவிட்டது" என்று பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. பெட்டியும் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தது. போர் வற்றி, தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் சாதனம்தான் கடைசியில் காப்பாற்றியது. மறுநாள் வந்து பார்த்தால் வாழைக்குள் கால் வைக்க முடியவில்லை.

சிவப்புக் குச்சி அதற்குத்தான். கூடவே இரண்டு கட்டுப்பாடு வைத்தேன். எந்தச் சென்சார் என்ன சொன்னாலும் ஒரு பகுதிக்கு ஒரு நாளில் இத்தனை லிட்டருக்கு மேல் போகக் கூடாது. பத்து நிமிடத்தில் ஈரம் தடாலென்று விழுந்தால் அதை நம்பாமல் எனக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். மண் அவ்வளவு வேகமாகக் காயாது.

தோட்டத்தில் சிக்னல் சரியாக இல்லை.

பெட்டி தானே முடிவெடுக்கும் ரகமாக இருந்தால் பிரச்சினை இல்லை. சிக்னல் கிடைக்கும்போது உங்களுக்குத் தகவல் வரும். எல்லா முடிவையும் எங்கோ இருக்கும் சர்வர் எடுக்கிற ரகம் வேண்டாம். சென்சாரிலிருந்து பெட்டிக்கு லோரா எனும் தூரம் எட்டுகிற ரேடியோ வைத்தால் சென்சாருக்குச் சிம்மே தேவையில்லை, தென்னந்தோப்புக்குள் சில நூறு மீட்டர் தாராளமாக எட்டும்.

நெல்லுக்கு இது உதவுமா?

சொட்டுநீர் மாதிரி இல்லை, ஆனால் உதவும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறைக்கு 30 செ.மீ. நீளமுள்ள துளை போட்ட குழாயை வயலில் பாதி புதைப்பார்கள். உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் மறுபடி கட்ட வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. அந்தக் குழாய்க்குள் மட்டம் பார்க்கும் சென்சார் வைத்தால் போனுக்குத் தகவல் வரும். ஒரே ஆளே பத்து வயல் பார்க்கிற இடத்தில் பிரயோசனம்.

கரண்டு இலவசம். தண்ணீர் என் கிணற்றுத் தண்ணீர். மிச்சம் பிடித்து எனக்கு என்ன லாபம்?

நேர்மையான கேள்வி. கரண்டு பில்லில் லாபம் எதுவும் தெரியாது, யாராவது தெரியும் என்றால் நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்த லாபம் இவை: சித்திரையில் போர் பத்து நாள் கூடத் தாங்குகிறது. வாழைக்கு இடையில் களை குறைந்தது. போட்ட யூரியா வேருக்குக் கீழே கரைந்து போகாமல் நிற்கிறது. ராத்திரி தூங்குகிறேன். இரண்டு ஏக்கருக்குள், வீட்டை ஒட்டித் தோட்டம், எப்போதும் ஆள் இருக்கிறார் என்றால் உங்களுக்குப் பெட்டி தேவையே இல்லை. மேலே சொன்ன டப்பாவும் கையுமே போதும்.

மழை நாளில் சொட்டுநீர் வழி உரம் கொடுக்கலாமா?

புயல் சின்னத்தை விட்டால், முன்னறிவிப்பை நான் முழுசாக நம்புவது இந்த ஒரு விஷயத்தில்தான். அடுத்த இரண்டு நாளில் கனமழை என்றால் உரத்தைத் தள்ளிப் போடுங்கள். தப்பானாலும் உரம் இரண்டு நாள் தாமதம், அவ்வளவுதான். சரியாக இருந்தால் ஒரு தவணை உரத்தின் காசு மிச்சம். மழைக்காலத்தில் ஈரம் போதும் என்று பெட்டி வாரக்கணக்கில் மோட்டாரே போடாது. அப்போது உரத்துக்காக மட்டும் பத்து, இருபது நிமிடம் ஓடும்படி தனியாக அமைத்துக்கொள்ள வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டு, கார்த்திகையில் இலை வெளுக்கிறதே என்கிறார்கள்.

மானியம் உண்டா?

சொட்டுநீருக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்று மானியம் கொடுத்து வருகிறார்கள். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், சிறு குறு விவசாயி சான்று எடுத்து வையுங்கள். சென்சார், கன்ட்ரோலருக்கும் சேர்த்துக் கிடைக்குமா என்பதை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். பணி ஆணை கைக்கு வருவதற்கு முன் எதையும் வாங்கிப் பொருத்திவிடாதீர்கள்.

ஐப்பசி மழைக்கு முன் என்ன செய்து வைக்க வேண்டும்?

மழைமானியின் புனலைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சின்னக் கரண்டி மாதிரி ஒன்று இருக்கும், 0.2 மி.மீ. மழைக்கு ஒரு முறை சாய்ந்து எழும், அந்தச் சாய்வைத்தான் பெட்டி எண்ணுகிறது. குளவி அதற்குள் மண்கூடு கட்டும், சிலந்தி வலை பின்னும், தென்னம்பூ உதிர்ந்து துளையை அடைக்கும். ஒரு வருடம் இரண்டு அங்குல மழை பெய்த ராத்திரி எங்கள் பெட்டி பூஜ்யம் என்று எழுதி வைத்திருந்தது. திறந்தால் புனல் நிறையத் தண்ணீர், நடுவில் குளவிக்கூடு. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, அளவுக் குவளையால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, போனில் எண் ஏறுகிறதா என்று பாருங்கள்.

சோலனாய்டு வால்வு மூடியைத் திறந்து எறும்புப் புற்று இருந்தால் தட்டிவிடுங்கள். எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். இடி தாங்கும் சாதனம் இல்லாத பெட்டி என்றால் இப்போதே ஒன்று வாங்கி மாட்டுங்கள். எனக்கு ஒரு கன்ட்ரோலர் கார்டு போன பிறகுதான் புத்தி வந்தது. தாமினியில் மின்னல் என்று காட்டினால் மெயினை இறக்கிவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். அன்றைக்கு எப்படியும் தண்ணீர் விடப்போவதில்லை.